கனெக்ஷனை கட் பண்ணுவது யார்?

டிபார்ட்மென்ட் சர்வரில் லாகின் பண்ணிவிட்டு மெஸ்ஸுக்குப் போய் சாப்பிட்டு வந்து பார்த்தால் டெர்மினல் உறைந்து கிடக்கும். என்ட்டரை எத்தனை முறை தட்டினாலும் அசையாது. கொஞ்ச நேரம் கழித்து 'ப்ரோக்கன் பைப்' என்று இரண்டு வார்த்தை வரும், அதோடு முடிந்தது. எஸ்எஸ்எச் பயன்படுத்துகிற யாருக்கும் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இதற்கு நாம் வைத்திருக்கிற விளக்கமும் ஒன்றே ஒன்றுதான்: "வைஃபை வேஸ்ட் மச்சி." வைத்தியமும் ஒன்றுதான்: சீனியர் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு வரியை கான்ஃபிக் ஃபைலில் ஒட்டுவது. வேலை செய்தால் சந்தோஷம். செய்யாவிட்டால் மறுபடியும் வைஃபை வேஸ்ட்.

அந்த இரண்டு வரி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. யார் கட் பண்ணினார்கள் என்று பார்க்காமலே அதை ஒட்டுவது, எதனால் காய்ச்சல் என்று கேட்காமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கம்தான் என்கிறேன். இதில் எல்லோரும் ஒரே மாதிரி அடி வாங்குவதும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டோடு கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரூமிலேயே ஓட்டிக்கொள்வார். 4 ஜிபி ரேம் லேப்டாப்போடு வந்தவருக்கு லேப் சர்வர்தான் ஒரே வழி. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ட்ரெய்னிங் நடுவில் செத்தால், அடுத்த நாள் ரிவ்யூவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் அவர்தான். "ப்ராப்பரா ப்ரிப்பேர் பண்ணலையா?" என்று கேட்பார்கள். நெட்வொர்க் மேல் பழி போட்டால் சாக்கு மாதிரி இருக்கும். அதனால் இது சின்ன தொந்தரவு இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

(ஒரு குறிப்பு: கமாண்ட் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், எனக்கே எழுதும்போது சிரிப்பு வந்தது. டைப் பண்ணும்போது இங்கிலீஷில் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதலில், நெட்வொர்க்ஸ் பேப்பர் நமக்குச் சொல்லாத ஒன்று. த்ரீ-வே ஹேண்ட்ஷேக் படம் போட்டு 13 மார்க் வாங்கிவிட்டோம். சின், சின்-ஆக், ஆக், மூன்று அம்புக்குறி. அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து 'கனெக்ஷன் எஸ்டாப்ளிஷ்டு' என்று எழுதுகிறோமே, அந்தக் கோடுதான் நம்மை ஏமாற்றுகிறது. உங்கள் லேப்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவில் வயர் மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது என்று மனசில் பதிந்துவிடுகிறது. அப்படி எதுவும் கிடையாது. டிசிபி கனெக்ஷன் என்பது இரண்டு மெஷின்களின் மெமரியில் தனித்தனியாக இருக்கும் ஒரு ஞாபகம். "இந்த ஐபி, இந்த போர்ட், இதுவரை இத்தனை பைட் பேசியிருக்கோம்", அவ்வளவுதான். நீங்கள் எதுவும் டைப் பண்ணாமல் சும்மா இருந்தால், டிசிபி தானாக ஒரு பாக்கெட்கூட அனுப்பாது.

நம்பிக்கை இல்லையென்றால் லேபில் ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு சிஸ்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்எஸ்எச் பண்ணுங்கள். கேபிளைப் பிடுங்கிவிட்டு கேன்டீன் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கேபிளைத் திரும்பச் செருகுங்கள். ஐபி மாறாமல் இருந்தால், கீப்அலைவ் எதுவும் ஆன் ஆகாமல் இருந்தால், விட்ட இடத்திலிருந்து டைப் பண்ணலாம். கேபிளே இல்லாமல் கால் மணி நேரம் கனெக்ஷன் உயிரோடு இருந்திருக்கிறது! அப்படியென்றால் கேபிள் ஒழுங்காக இருக்கும்போது, வைஃபை ஃபுல் சிக்னல் காட்டும்போது, சும்மா இருந்த பாவத்துக்கு ஏன் கட் ஆகிறது?

நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். ஹாஸ்டல் ஃபயர்வால், உங்கள் மொபைல் நெட்வொர்க்கின் நாட் பெட்டி, கிளவுடில் லோடு பேலன்சர், ஏதோ ஒன்று. நாட் என்றால் பல பேரை ஒரே பப்ளிக் ஐபி வழியாக வெளியே அனுப்பும் ஏற்பாடு. யாருடைய பாக்கெட் எந்த போர்ட் வழியாகப் போனது என்று ஒரு டேபிளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அது பதிலைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு ஹாஸ்டலில் ஆயிரம் பேர், ஆளுக்கு ஒரு ஃபோன், ஒரு லேப்டாப், ஒவ்வொன்றிலும் பத்து முப்பது கனெக்ஷன். பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் லேப்டாப்பை மூடிவிட்டுப் போவார்கள். டேபிள் நிரம்பாமல் இருக்க, கொஞ்ச நேரம் பேசாதவரின் வரியை அழித்துவிடுகிறது. அழித்ததை உங்களிடமோ சர்வரிடமோ சொல்வதில்லை. நீங்கள் இன்னும் கனெக்ஷன் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள், சர்வரும் அப்படியே நினைக்கிறது. நடுவில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. அடுத்த எழுத்தைத் தட்டும்போது அந்த பாக்கெட் குப்பைக்குப் போகிறது. டெர்மினல் உறைகிறது.

எவ்வளவு நேரம் பொறுப்பார்கள்? 2008-ல் வந்த ஆர்எஃப்சி 5382, பேசி முடிவான ஒரு டிசிபி கனெக்ஷனை நாட் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. லினக்ஸ் பெட்டியை அப்படியே நாட் ஆக வைத்தால் டீஃபால்ட் 5 நாள். இவ்வளவு தாராளமா என்று கேட்காதீர்கள். அமேசானின் நாட் கேட்வே 350 வினாடியில் மறந்துவிடும். கூகுள் கிளவுட் நெட்வொர்க் 10 நிமிடம். மைக்ரோசாஃப்ட் அஷ்யூரின் லோடு பேலன்சர் டீஃபால்ட்டாக 4 நிமிடம். ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும், இந்த எண்களை இவர்கள் தங்கள் டாக்குமென்டேஷனிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நெட்வொர்க்குகளில் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. என் குறை மறதி மேல் இல்லை, எவ்வளவு நேரத்தில் மறப்போம் என்று சொல்லாமல் இருப்பதன் மேல்தான்.

"டிசிபியிலேயே கீப்அலைவ் இருக்கே, எஸ்எஸ்எச்சில் டீஃபால்ட்டா ஆனில்தானே இருக்கு?" என்று ஒருவர் கேட்பார். இருக்கிறது. 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1122 டீஃபால்ட் இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றது. லினக்ஸ் இன்றைக்கும் 7200 வினாடி கழித்துத்தான் முதல் விசாரிப்பை அனுப்பும். 350 வினாடியில் மறந்துபோகிற பெட்டி நடுவில் இருக்கும்போது, இது காரியம் எல்லாம் முடிந்த பிறகு உடம்பு எப்படி இருக்கு என்று கேட்க வருகிற மாமா மாதிரி.

ட்ரெய்னிங் கதைக்கு வருவோம். டெர்மினலில் நேராக பைத்தான் ஸ்க்ரிப்ட்டை ஓட விடுகிறீர்கள். ஒரு இபாக் முடிய 40 நிமிடம், முடிந்ததும்தான் ஒரு வரி ப்ரின்ட் ஆகும். அந்த 40 நிமிடமும் ஜிபியு அலறிக்கொண்டிருக்கிறது, ஆனால் நெட்வொர்க்கின் கண்ணுக்கு நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். நடுப் பெட்டி மறந்துவிடுகிறது. இபாக் முடிந்து சர்வர் அந்த ஒரு வரியை அனுப்புகிறது, பதில் இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது. லினக்ஸின் டீஃபால்ட் கணக்கில் சுமார் 15 நிமிடம் முயற்சி பண்ணிவிட்டு "ஆள் போய்ட்டான்" என்று கனெக்ஷனை மூடும். அதோடு சேர்ந்து டெர்மினலும் மூடப்படும், அதில் ஓடிய ப்ரோக்ராமுக்கு சிக்ஹப் என்ற சிக்னல் போகும், ட்ரெய்னிங் காலி. ஹப் என்றால் ஹேங்-அப், மோடம் காலத்தில் ஃபோனை வைத்துவிட்டதைச் சொல்ல வந்த பெயர்.

இப்போது வெளியிலிருந்து பாருங்கள். முதல் இபாக் நன்றாக ஓடியது, இரண்டாவது பாதியில் செத்தது. யாராக இருந்தாலும் கோடில்தான் தேடுவார்கள். மெமரி லீக்கா, டேட்டாசெட்டில் பிரச்சினையா, பேட்ச் சைஸ் குறைக்கலாமா என்று இரண்டு நாள் போகும். லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் ஏறியவர்களுக்கும் இதே 15 நிமிடக் கணக்குதான். "மூடின பிறகும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கு, லாக் இருக்கு, அப்புறம் ஏன் நின்னுச்சு?" என்று கேட்பவர்கள் லாகின் கடைசி நேரத்தைப் பஸ் ஏறிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, யார் கட் பண்ணுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய டூல் எதுவும் வேண்டாம், ஃபோனில் ஸ்டாப்வாட்ச் போதும். லாகின் பண்ணி 3 நிமிடம் சும்மா விடுங்கள், ஒரு எழுத்து தட்டுங்கள். உயிரோடு இருந்தால் 5 நிமிடம், 10 நிமிடம், 20 நிமிடம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணுக்கு மேல் போனால் கட் ஆகிறது என்றால் அது யாரோ வைத்த டைமர். ஒரு தடவை 2 நிமிடம், இன்னொரு தடவை அரை மணி நேரம் என்றால் டைமர் இல்லை. அப்போது நீங்கள் தாராளமாக வைஃபையைத் திட்டலாம். இந்த ஒரு டெஸ்ட்டைச் செய்யாமல்தான் நாம் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். மெசேஜ் எதுவும் இல்லாமல் உறைந்தால், நடுவில் யாரோ சத்தமில்லாமல் மறந்திருக்கிறார்கள். (உறைந்த விண்டோவை மூட வேண்டாம். என்ட்டர், டில்டே, புள்ளி மூன்றையும் வரிசையாகத் தட்டினால் எஸ்எஸ்எச் மட்டும் வெளியே வரும். இது தெரியாமல் டெர்மினலையே மூடிவிட்டுத் திறக்கிறவர்கள்தான் அதிகம்.) ஒரு எழுத்து தட்டிய உடனே 'கனெக்ஷன் ரீசெட் பை பியர்' என்று வந்தால், மறந்தவர் குறைந்தபட்சம் "உன்னை எனக்குத் தெரியாது" என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார். அமேசானின் நாட் கேட்வே இப்படித்தான் செய்யும். நீங்கள் கையே வைக்காதபோது 'டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் இன்புட்: ஆட்டோ-லாகவுட்' என்று அழகாக ஒரு வரி வந்திருந்தால், நெட்வொர்க்குக்கு இதில் சம்பந்தமே இல்லை. அது பாஷ் ஷெல். சர்வரில் அட்மின் 'டிஎம்அவுட்' என்ற வேரியபிளில் ஒரு எண் போட்டிருக்கிறார். 'எக்கோ டாலர் டிஎம்அவுட்' என்று கேட்டால் எத்தனை வினாடி என்று அதுவே சொல்லும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து எட்டக்கூடிய சர்வர் என்றால் ஹாஸ்டல் வைஃபைக்குப் பதிலாக மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதே ஸ்டாப்வாட்ச் டெஸ்ட். அதே எண் வந்தால் டைமர் சர்வர் பக்கம். எண் மாறினால் டைமர் உங்கள் பக்கம். நெட்வொர்க், கான்ஃபிக், லேப்டாப் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்வதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை, அடுத்த வாரம் திரும்ப வரும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் வரிக்கு வரலாம். 'சர்வர்அலைவ்இன்டர்வல்' என்பது உங்கள் எஸ்எஸ்எச் க்ளையன்ட்டுக்கான உத்தரவு: இத்தனை வினாடி எதுவும் வராமல் இருந்தால் சர்வரிடம் "இருக்கியா?" என்று கேள். டீஃபால்ட் 0, அதாவது கேட்கவே கேட்காது. கேள்வி என்க்ரிப்ட் ஆன வழியிலேயே போகும், நடுப் பெட்டிக்கு அது சாதாரண டேட்டா, டைமர் திரும்ப முதலிலிருந்து ஓடும். நீங்கள் அளந்த எண் 5 நிமிடம் என்றால் 120 வினாடி வைத்தால் போதும். விண்டோஸில் புட்டி பயன்படுத்துகிறவர்களுக்கு கனெக்ஷன் பக்கத்தில் 'செகண்ட்ஸ் பிட்வீன் கீப்அலைவ்ஸ்' என்ற கட்டத்தில் அதே எண். அங்கேயும் டீஃபால்ட் 0.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வரியில் 5 வினாடி, 10 வினாடி என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். அடிக்கடி கேட்டால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பு. நடப்பது நேர் எதிர். 'சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்' டீஃபால்ட் 3. மூன்று கேள்விக்குப் பதில் இல்லையென்றால் க்ளையன்ட் தானே கனெக்ஷனை முறித்துக்கொள்ளும். 5 வினாடி வைத்தால் 15 வினாடி வைஃபை தடுமாறினாலே போச்சு. கீப்அலைவ் இல்லாத கனெக்ஷன் கேபிள் இல்லாமலே கால் மணி நேரம் பிழைத்ததை மேலே பார்த்தோம். உயிர்காக்கப் போட்ட வரியே கொல்கிறது. ட்ரெயினில் ஊருக்குப் போகும்போது டவருக்கு டவர் சிக்னல் போய்ப் போய் வரும் அல்லவா, அங்கே இந்தச் சின்ன எண்தான் முதல் எதிரி.

டிஎம்அவுட் கேஸில் கீப்அலைவ் எவ்வளவு வைத்தாலும் பலிக்காது. ஷெல் காத்திருப்பது உங்கள் விரலுக்கு, பாக்கெட்டுக்கு இல்லை. இதைத் தாண்ட டாப் கமாண்டை ஓட விட்டுவிட்டுப் போகிற ஐடியா நம்மிடம் பிரபலம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லேப் சிஸ்டத்தில் லாகின் பண்ணிய டெர்மினலைத் திறந்துபோட்டுவிட்டு டீக்குப் போனால், அடுத்து வந்து உட்காருகிறவர் கையில் உங்கள் அக்கவுன்ட் இருக்கிறது. அட்மின் அதை மூடுவது நியாயம்தான். ப்ராம்ப்ட்டில் சும்மா நிற்கும்போதுதான் டிஎம்அவுட் எண்ணும், ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணாது. ஆகவே உங்கள் ட்ரெய்னிங்குக்கு அதனால் ஆபத்தும் இல்லை.

உண்மையில் நான் சண்டை போட நினைப்பது வேறு இடத்தில். கனெக்ஷனை எப்படியாவது உயிரோடு வைக்க வேண்டும் என்று நாம் ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம்? வேலை நடப்பது சர்வரில். அதன் உயிரை ஏன் நம் லேப்டாப் மூடியில் கட்டி வைக்க வேண்டும்? டிமக்ஸ் 2007-லிருந்து இருக்கிறது, அதற்கும் 20 வருஷம் முன்பே, 1987-ல், ஸ்க்ரீன் வந்துவிட்டது. 'டிமக்ஸ் நியூ' என்று தொடங்கி அதற்குள் ட்ரெய்னிங்கை ஓட விடுங்கள். கன்ட்ரோல்-பி அழுத்திவிட்டு டி. வெளியே வந்துவிட்டீர்கள், உள்ளே அது ஓடுகிறது. எஸ்எஸ்எச் கட் ஆகட்டும், லேப்டாப் சார்ஜ் தீரட்டும். நாளைக்கு வந்து 'டிமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடம். லாகவுட் ஆனதும் அந்த யூசரின் எல்லா ப்ராசஸையும் கொல்லும்படி செட் பண்ணிய சர்வர்களும் உண்டு, அங்கே மட்டும் அட்மினிடம் பேச வேண்டும். சர்வரே ரீஸ்டார்ட் ஆனால் டிமக்ஸும் போகும். அதற்கு மருந்து ஒவ்வொரு இபாக்குக்கும் செக்பாயின்ட் சேவ் பண்ணுவது, அதை என்ன ஆனாலும் விடாதீர்கள்.

மாஷ் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாஸ்டல் வைஃபையிலிருந்து டிபார்ட்மென்ட் வைஃபைக்கு நடந்து போனால் ஐபி மாறும், டிசிபி கனெக்ஷன் அங்கேயே செத்தது, எந்தக் கீப்அலைவும் காப்பாற்றாது. இதற்காகவே எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் 2012-ல் வெளியிட்டது மாஷ். (ஹரி பாலகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸில் பிடெக் படித்தவர், ஜூனியர்ஸ் குறித்துக்கொள்ளவும்.) லாகினுக்கு மட்டும் எஸ்எஸ்எச், அதற்குப் பிறகு யுடிபி. ஐபி மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் தொடரும். சிக்கல் என்னவென்றால் சர்வரில் 60000-லிருந்து 61000 வரை யுடிபி போர்ட் திறந்திருக்க வேண்டும். காலேஜ் ஃபயர்வாலிடம் அதைக் கேட்டு வாங்குவதற்குள் நமக்கு கான்வொகேஷன் வந்துவிடும். டிமக்ஸுக்கு யாரிடமும் பர்மிஷன் வேண்டாம், அதனால் முதலில் அது.

லேப் இன்சார்ஜ்களிடம் நான் கேட்பது டைமரை எடுத்துவிடச் சொல்லி அல்ல. சர்வரில் லாகின் பண்ணியதும் 'வெல்கம்' என்று வரும் பேனரில் இன்னும் இரண்டு வரி போடலாம்: இந்த நெட்வொர்க்கில் ஐடில் டைம்அவுட் இத்தனை நிமிடம், நீண்ட வேலைக்கு டிமக்ஸ் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. செலவு ஒரு ரூபாய் இல்லை. நெட்வொர்க்ஸ் லேபில் மூன்று அம்புக்குறி வரைகிற நேரத்தில் ஒரு பீரியட் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது.

அது வரும்வரை நாமே அளந்துவிடலாம். ஹாஸ்டல் வைஃபை, டிபார்ட்மென்ட் வைஃபை, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட், மூன்றிலும் ஸ்டாப்வாட்ச் டெஸ்ட் பண்ணி, எத்தனை நிமிடத்தில், எந்த மெசேஜோடு கட் ஆனது என்று எடிட்டோரியல் டீமுக்கு அனுப்புங்கள். ரீடிங் எடுக்கும் முன் கான்ஃபிக்கில் சர்வர்அலைவ்இன்டர்வலை 0 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் கட் ஆகாமலே உட்கார்ந்திருப்பீர்கள். வருகிற எண்களை அடுத்த இதழில் ஒரு டேபிளாகப் போடுகிறோம்.